எந்த லாரியில் ஏறுவது?

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த வாரத்தில் எல்லாருக்கும் ஒரே அவசரம். யாராவது ஒரு வண்டியைக் கொடுத்தால் போதும், ஓட்டிக் காட்டிவிடலாம் என்று கை பரபரக்கும். நானும் அப்படித்தான் இருந்தேன். சங்ககிரியில் முதலில் கூப்பிட்ட ஓனரிடம், சம்பளம் எவ்வளவு என்றுகூட முழுதாகக் கேட்காமல் சாவியை வாங்கினேன். "லைசென்ச குடு தம்பி, ஆபீஸ்ல பத்திரமா இருக்கட்டும்" என்றார். கொடுத்தேன். அதைத் திரும்ப வாங்கப் பதினோரு மாதம் ஆனது. அந்தப் பதினோரு மாதத்தில் செய்த தவறுகளையும், பிறகு வெவ்வேறு ஓனர்களிடம் ஓட்டிக் கற்றதையும் சேர்த்துத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். இன்றைக்கு நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எந்த லாரி ஆபீசுக்குப் போனாலும் ஓனர் சொல்லும் முதல் குறை, டிரைவர் கிடைக்கவில்லை என்பதுதான். டிரைவர் பிள்ளைகள் டிரைவராக வருவதில்லை. கிளீனர் வேலைக்கு ஆளே இல்லை. வண்டி இருக்கிறது, லோடு இருக்கிறது, ஓட்ட ஆளில்லாமல் லாரி பேட்டையில் நிற்கிறது. அதனால் நீங்கள் வேலை கேட்டுப் போகும் ஆள் மட்டுமில்லை, அவரைத் தேர்ந்தெடுக்கப் போகும் ஆளும்தான். தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் எல்லாவற்றையும் கேளுங்கள்.

எந்த லைன்

லாரி வேலை என்பது ஒரே வேலை அல்ல. கோழித்தீவனமும் முட்டையும் ஏற்றி வாளையாறு வழியாகக் கேரளா போய் வருகிறவன் வாழ்க்கை வேறு. சேலத்து ஜவ்வரிசியை ஏற்றி மகாராஷ்டிரா, குஜராத் போய், அங்கிருந்து வெங்காயமோ பருத்தியோ கிடைக்கும்வரை காத்துக் கிடக்கிறவன் வாழ்க்கை வேறு. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் ஏறினால் மாதக்கணக்கில் வீட்டு வாசலைப் பார்க்க முடியாது. டிப்பரில் ஏறினால் தினமும் வீட்டுக்கு வரலாம், ஆனால் நடைக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஓடும் வண்டியில் வேகம்தான் கூலி.

நாமக்கல்லின் பெருமையான கேஸ் டேங்கர் வேலையில் புதியவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் ஓடும் வண்டி, வேலையில் ஒழுங்கு இருக்கும். ஆனால் அபாயகரமான சரக்கு ஓட்டுவதற்கு 3 நாள் தனிப் பயிற்சி முடித்து லைசென்சில் பதிவு வாங்க வேண்டும். மற்ற டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும், அந்தப் பதிவுள்ள லைசென்ஸ் 3 ஆண்டுதான். புதுப்பிக்கும்போது ஒரு நாள் பயிற்சிக்கு மறுபடி போக வேண்டும். இதெல்லாம் பெரிய தடை இல்லை. பெரிய தடை, டேங்கருக்குள் இருக்கும் திரவம். வளைவில் அது ஒருபக்கம் சாயும்போது வண்டியும் கூடவே சாயப் பார்க்கும். மூட்டை லோடில் அந்த அனுபவம் கிடைக்காது. முதல் ஆண்டில் டேங்கர், ரிக், நீள ட்ரெய்லர் மூன்றையும் தொடாதீர்கள் என்பதே என் கண்டிப்பான அறிவுரை. ஒரே ரூட்டில் திரும்பத் திரும்பப் போகும் ஆறு சக்கரமோ பத்துச் சக்கரமோ பாருங்கள். பத்து முறை போன சாலையில்தான் வண்டியைக் கவனிக்க மனசுக்கு நேரம் கிடைக்கும்.

பெரிய கம்பெனியா, ஒற்றை வண்டி ஓனரா என்று கேட்பார்கள். பெரிய இடத்தில் சம்பளம் தேதிக்கு வரும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் பி.எஃப். இருக்க வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. இருக்க வேண்டும். ஆனால் அங்கே புதியவனைச் சேர்க்க யோசிப்பார்கள், சேர்த்தாலும் உங்களோடு பேச யாருக்கும் நேரம் இருக்காது. எங்கள் பக்கத்து ஒற்றை வண்டி ஓனர்களில் பலர் ஒரு காலத்தில் ஸ்டியரிங் பிடித்தவர்கள். ராத்திரி 11 மணிக்குப் போன் போட்டு, "அண்ணா, கிளட்ச் மிதிச்சா ஒரு சத்தம் வருது" என்றால், எந்த இடத்தில், ஏறும்போதா இறங்கும்போதா என்று கேட்டு வழி சொல்வார்கள். அது பெரிய பாதுகாப்பு. அதே ஓனருக்கு மாதாமாதம் ஃபைனான்ஸ் டியூ கட்ட வேண்டியிருக்கும். டியூ தேதி நெருங்கும்போது அந்த நெருக்கடி உங்கள் ஆக்சிலரேட்டருக்கு வரும். பத்திலிருந்து முப்பது வண்டி வரை வைத்து, சொந்த ஒர்க்‌ஷாப்பும் ஒரு மூத்த டிரைவரும் இருக்கும் நடுத்தர டிரான்ஸ்போர்ட் கிடைத்தால், முதல் இரண்டு ஆண்டுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி நிலையம் போன்ற இடத்தில் பயிற்சி எடுத்திருந்தால் அந்தச் சான்றிதழை மறக்காமல் எடுத்துப் போங்கள். நடுத்தர ஓனர்கள் அதை மதிக்கிறார்கள்.

சம்பளம் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி

முதல் கேள்வி, அந்தச் சம்பளம் எப்படிக் கணக்காகிறது என்பது. இதைப் புரிந்துகொள்ளாமல் சாவி வாங்கவே வாங்காதீர்கள். உங்களை எந்த வேகத்தில், எத்தனை மணி நேரம், எந்த கியரில் ஓட்டவைப்பது என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது.

பேட்டையில் மூன்று வழக்கம் இருக்கிறது. மாதச் சம்பளமும் தினப்படியும் ஒன்று. வாடகையில் இத்தனை சதவீதம் என்பது இன்னொன்று. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பது மூன்றாவது. கேட்கும்போது சதவீதம்தான் இனிக்கும். வாடகை 60,000, அதில் உங்களுக்குப் பத்து சதவீதம் என்றால் ஒரே நடைக்கு 6,000 ரூபாய் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். ஆனால் எந்த வாடகையில் சதவீதம்? புக்கிங் ஏஜென்ட் கமிஷன் கழித்த பிறகா, கழிக்காமலா? ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் நான்கு நாள் நின்றால் அந்த நான்கு நாளுக்கு என்ன? இறக்குமிடத்தில் கோடவுன்காரர் இன்று நாளை என்று இழுத்தடித்தால் ஹால்டிங் காசு யாருக்கு, ஓனருக்கு மட்டுமா, உங்களுக்கும் உண்டா? சதவீதக் கணக்கில் வண்டி நின்றால் டிரைவர் பட்டினி. அதனால்தான் சதவீத டிரைவர் தூக்கத்தை விற்று ஓட்டுகிறான்.

அடுத்தது டீசல் மைலேஜ். ஒரு நடையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். போகும் தூரம் 1,200 கிலோமீட்டர், பத்துச் சக்கர வண்டி, முழு லோடு. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று ஓனர் கட்டிவைத்திருக்கிறார். அப்படியானால் 300 லிட்டர். ஆனால் அந்த வண்டிக்கு இன்ஜெக்டர் பார்த்து நாளாகிவிட்டது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, உண்மையில் கிடைப்பது 3.75 என்றால் 320 லிட்டர் குடிக்கும். மிச்சம் 20 லிட்டர் யார் தலையில்? உங்கள் கணக்கில் பிடிப்பார்கள் என்றால், லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும் நாளில் அந்த ஒரு நடையில் மட்டும் 1,800 ரூபாய்க்கு மேல் போய்விடும். ஃபில்டர் மாற்றாதது ஓனர், காசு கொடுப்பது நீங்கள். அதனால் கேட்க வேண்டியது, "மைலேஜ் என்ன கட்டியிருக்கீங்க?" என்பது மட்டுமல்ல. "போன மூணு டிரிப்ல இந்த வண்டி என்ன குடுத்துதுங்க?" என்று கேளுங்கள். டிரிப் ஷீட்டைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான ஓனர் மேசை டிராயரைத் திறப்பார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

என் இரண்டாவது ஓனர் மைலேஜில் கடுமையானவர். குறைந்தால் பிடிப்பார், கூடினால் பாதிக் காசு கொடுப்பார். கூட ஓட்டிய எல்லாரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு இன்ஜினை அணைத்துவிடுவது. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் பாதையில் தொப்பூர் கணவாய் இறக்கம் அதற்குத் தோதான இடம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு நாள் விடியற்காலை, முழு லோடு. அணைத்தேன். முதல் வளைவில் பிரேக் மிதித்தேன், பிடித்தது. இரண்டாவது வளைவிலும் பிடித்தது. ஒவ்வொரு மிதிக்கும் டாங்கிலிருந்து காற்று போகிறது, இன்ஜின் ஓடாததால் கம்ப்ரசர் திரும்ப நிரப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது கையில் ஏறவில்லை. டேஷ்போர்டில் ஏர் கேஜ் முள் கீழே கீழே வந்துகொண்டிருந்தது. பிறகு பஸ்ஸர் அடித்தது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. முன்னால் ஒரு பஸ்ஸின் பின்கண்ணாடி, அதில் ஒரு குழந்தை திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினேன், இன்ஜின் பிடித்தது. முள் மெல்ல ஏறியது. மூன்றாவது மிதிக்கு வண்டி அடங்கியது. தீவட்டிப்பட்டி தாண்டி ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தியபோது என் இரண்டு முழங்காலும் தன்னிச்சையாக ஆடின. அந்த இறக்கத்தில் நான் மிச்சம் பிடித்த டீசல் ஒரு லிட்டர்கூட இருக்காது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது ஓடும் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் நின்றுவிடும். நியூட்ரலில் ஓடவிட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்க டீசல் குடிக்கும். அதாவது நியூட்ரல் போடுவது மிச்சமே இல்லை. இது தெரியாமல் இன்னும் எத்தனையோ பேர் தொப்பூரில் நியூட்ரலில் இறங்குகிறார்கள். மைலேஜ் பிடித்தம் கடுமையாக உள்ள இடத்தில் சேராதீர்கள். அந்தக் கணக்கு உங்கள் கையை நியூட்ரலுக்கு இழுக்கும்.

என் தீர்ப்பு இது. புதியவனுக்கு மாதச் சம்பளமும் படியும்தான் சரி. கிடைக்கும் தொகை குறைவாக இருந்தாலும் சரி. இரண்டு மூன்று ஆண்டு கழித்து, ரூட்டும் வண்டியும் புக்கிங் ஆபீஸ்களும் பழகிய பிறகு சதவீதத்துக்கு மாறலாம்.

வண்டியைப் பாருங்கள்

கொடுக்கப்போகும் வண்டியின் நம்பரை வாங்கிக்கொண்டு, எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, பர்மிட், புகைச் சான்று எல்லாம் வந்துவிடும். வண்டிக்கு 8 வயதாகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குப் பிறகு ஆண்டுதோறும். இன்சூரன்ஸ் முடிந்த வண்டியை ஓட்டச் சொல்கிற ஓனரிடம் அடுத்த வார்த்தை பேச வேண்டியதில்லை, வணக்கம் சொல்லி எழுந்து வாருங்கள்.

பிறகு பேட்டைக்குப் போய் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடங்கள். முன் டயர் இரண்டும் மொட்டையா? பின்னால் உள் டயரில் கை விட்டுப் பாருங்கள், வெளி டயரைப் புதிதாகப் போட்டு உள் டயரை மறைத்துவைப்பது உண்டு. ஸ்பிரிங் பட்டாவில் முறிவு இருக்கிறதா? காற்று முழுதாக நிரப்பி இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வரும்போது முள் நின்ற இடத்தில் நிற்கிறதா, இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தால் எங்கோ லீக். தார்ப்பாய் கிழிந்திருந்தால் மழைக்காலத்தில் சிமெண்ட் மூட்டை நனைந்து இறுகும், அந்த நஷ்டத்தை யாரிடம் பிடிப்பார்கள் என்று அப்போதே கேட்டுவிடுங்கள். மூட்டை குறைந்தால், முட்டை உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேபினுக்குள் ஏறிப் பாருங்கள். நீங்கள் தூங்கப்போகும் இடம் அது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகியிருக்கிறது. பழைய வண்டிகளுக்கு அது இல்லை. ஆனால் மெத்தை இருக்கிறதா, ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்குகிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கலாம். மே மாதத்தில் நாக்பூர் பக்கம் மதியத்தில் படுத்துத் தூங்கி ராத்திரி ஓட்ட வேண்டியிருக்கும் ஆளுக்கு ஃபேன் சொகுசு இல்லை. ஃபேன் ரிப்பேர் செய்யாத ஓனர் பிரேக் லைனிங் மாற்றுவார் என்று நான் நம்பியதில்லை, நம்பிய இடத்தில் ஏமாந்திருக்கிறேன்.

ஓவர்லோடு

இதைத் தயங்காமல் கேளுங்கள். "ஏத்தறது பாஸிங்குக்குள்ளதானுங்களா?" பாஸிங் என்பது வண்டிக்கு அனுமதித்த எடை. பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை அளவு முன்பு 25 டன்னாக இருந்தது, 2018-இல் 28.5 டன் ஆக்கினார்கள். கூட்டிக் கொடுத்த பிறகும் அதற்கு மேல் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"கேஸ் போட்டா நான் கட்டிக்கறேன், நீ ஏன் பயப்படற?" என்று ஓனர் சொல்வார். அவர் கட்டுவார் என்றே வைத்துக்கொள்வோம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பணம் அவருடையது. ஆனால் சரக்கு வண்டியில் ஓவர்லோடு ஏற்றினால் டிரைவரின் லைசென்சை 3 மாதத்துக்குக் குறையாமல் நிறுத்திவைக்கலாம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினாலும் அப்படித்தான். ஓனருக்கு ஒரு நடையின் லாபம் போகும், உங்களுக்கு மூன்று மாதச் சோறு போகும். லைசென்சில் விழும் தழும்பை அவர் கட்டித் தர முடியாது.

காகிதங்கள்

ஒரிஜினல் லைசென்சை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், ஆதார் ஜெராக்ஸ் கொடுங்கள், வேண்டுமானால் ஒரு போட்டோவும் கொடுங்கள். போலீஸ் கேட்டால் காட்ட வேண்டியவர் நீங்கள். டிஜிலாக்கரிலும் போட்டுவையுங்கள், அதில் காட்டுவதும் செல்லும். ஒரிஜினல் கொடுத்தால்தான் வேலை என்று சொல்கிற இடத்தில், நீங்கள் போக நினைக்கும் நாளில் போக முடியாது என்று அர்த்தம்.

முன்பணம் வாங்குவதும் அதே கதைதான். தங்கச்சி கல்யாணம், வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்று 50,000, 1,00,000 வாங்கிவிட்டு, வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வட்டி இல்லாத பணம்போலத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு படி குறைந்தாலும் கேட்க வாய் வராது. முன்பணத்தைக் காட்டி ஒருவனைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கிறது என்பது ஆறுதல்தான், ஆனால் வழக்குப் போட்டு வெளியே வருவதைவிட வாங்காமலிருப்பது எளிது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்காதீர்கள், எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியை ஒருமுறை கையில் வாங்கிப் படியுங்கள். அதில் 'ஓனர் டிரைவர்' தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்து நமக்கும் 15 லட்சம் உண்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது, தானே ஓட்டும் உரிமையாளருக்கு. சம்பளத்துக்கு ஓட்டுகிற உங்களுக்கு வேறு வரி வேண்டும். சம்பள டிரைவர், கிளீனருக்கான பொறுப்பு என்று எத்தனை பேருக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வண்டியில் மூன்று பேர் போகும்போது ஒருவருக்கு மட்டும் கட்டியிருந்தால் அதைச் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். வேலையில் இருக்கும்போது டிரைவருக்குச் சாவோ ஊனமோ நேர்ந்தால் நஷ்டஈடு முதலாளியின் சட்டப் பொறுப்பு. அந்தத் தொகை வயதையும் சம்பளத்தையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. சம்பளம் எவ்வளவு என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லையென்றால், உங்கள் மனைவி கோர்ட்டில் நின்று என்ன காட்டுவார்? டிரிப் ஷீட்டைக் காட்டுவார். அதனால் ஒவ்வொரு டிரிப் கணக்கையும் போனில் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சம்பளம் பேங்க் கணக்கில் வருமா என்று கேளுங்கள், வந்தால் இன்னும் நல்லது. அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

தூக்கம் வந்தால்

1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வகுத்தது. நீண்ட தூர ரூட் என்றால் நாளைக்கு 10 மணி வரை போகலாம் என்றது. பேட்டையில் இந்தக் கணக்கைச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் ஓனரிடம் சட்டம் பேசாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணு சொக்குச்சுன்னா ஓரங்கட்டிப் படுத்துக்கலாமுங்களா?"

நான் ஓட்டிய இடங்களிலேயே நல்ல ஓனர் என்று நினைக்கும் ஒருவர், இந்தக் கேள்விக்கு, "படுத்துட்டு எந்திரிச்சு ஒரு போன் பண்ணு, பார்ட்டிக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார். இன்னொருவர், "டீ குடிச்சுட்டு ஓட்டு" என்றார். இரண்டு பதிலுக்கும் நடுவில் உள்ள தூரத்தை உங்களால் அளக்க முடியும்.

சரக்குக்கான இ-வே பில் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று பில்லுக்கு ஆயுள். 1,200 கிலோமீட்டருக்கு ஆறு நாள் இருக்கிறது. அது போதும். ஆனால் லோடு ஏற்றும் இடத்திலேயே இரண்டு நாள் நிறுத்திவிட்டு, பில் முடியப்போகிறது என்று உங்களை விரட்டினால் அது ஆபீசின் தவறு. பில்லை நீட்டிக்கும் வேலையை யார் செய்வார், அந்த ஆள் ராத்திரி போன் எடுப்பாரா என்று கேட்டுவையுங்கள். ஃபாஸ்டேக்கில் காசு போடுவதும் அந்த ஆள்தான் என்றால் அந்த நம்பர் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கிளீனர் உண்டா, டபுள் டிரைவரா, தனியாளா என்பதும் இதில்தான் வரும். முதல் ஆறு மாதம் தனியாக நீண்ட தூரம் போகாதீர்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கை காட்ட ஓர் ஆள் இருப்பது எத்தனை பெரிய உதவி என்பது, மும்பையில் ஒரு குறுகலான கோடவுன் சந்தில் மாட்டிக்கொண்ட பிறகு தெரியும்.

விபத்து நடந்தால் யார் வருவார்

இதைப் பேசவே பலர் கூச்சப்படுவார்கள், வேலையில் சேரும் நாளில் அபசகுனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளி மாநிலத்தில் மொழி தெரியாத போலீஸ் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, ஓனர் வருகிறாரா இல்லையா என்பது மட்டும்தான் உலகம். எஃப்.ஐ.ஆர். டிரைவர் பேரில்தான். கவனக்குறைவால் மரணம் என்ற பிரிவில் 5 ஆண்டு வரை தண்டனைக்கு இடம் இருக்கிறது. வண்டியை விடுவிக்க எல்லா ஓனர்களும் ஓடி வருவார்கள். டிரைவருக்கு ஜாமீன் எடுக்க எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி. இதை ஓனரிடம் கேட்டால் சரியான பதில் வராது, நான் வருவேன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவரிடம் வேலை செய்த பழைய டிரைவரிடம் கேட்க வேண்டும்.

லாரி பேட்டையில் காலை ஆறு மணிக்கு டீக்கடைக்குப் போங்கள். லோடு இறக்கிவிட்டு வந்தவர்கள் முகம் கழுவிக்கொண்டு நிற்பார்கள். அந்த டிரான்ஸ்போர்ட் பெயர் எழுதிய வண்டியின் டிரைவரைப் பாருங்கள். "அண்ணா, நான் புதுசுங்க. இந்த ஆபீஸ்ல கூப்பிடறாங்க. போலாமுங்களா?" என்று கேளுங்கள். உடனே ஆகா ஓகோ என்றால் கொஞ்சம் பொறுங்கள். கணக்கு எப்போது முடிக்கிறார்கள், கடைசியாக எப்போது சம்பளம் வந்தது, வீட்டில் சாவு என்றால் நடுவழியில் ஆள் மாற்றி விடுவார்களா, ஆக்சிடென்ட் ஆன ஆள் இப்போது எங்கே இருக்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் டம்ளரைக் கழுவிவைத்துவிட்டுப் போனாலும் அது பதில்தான். ஓர் இடத்தில் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் யாருமே தங்கவில்லை என்றால், எவ்வளவு சம்பளம் சொன்னாலும் போகாதீர்கள்.

சேர்ந்த பிறகு

முதல் மூன்று நடையைச் சோதனை என்றே வையுங்கள். ஒவ்வொரு நடை முடிந்ததும் கணக்குப் பாருங்கள், அடுத்த நடை முடியட்டும் சேர்த்துப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். சொன்னது ஒன்று, பிடித்தது ஒன்று என்றால் முதல் தடவை கேளுங்கள். இரண்டாம் தடவையும் அதேபோல் நடந்தால் வேறு இடம் பாருங்கள்.

விட்டுவிட்டு வருவதிலும் ஒரு முறை இருக்கிறது. எவ்வளவு கோபம் இருந்தாலும் லோடு வண்டியை வழியில் நிறுத்திவிட்டு பஸ் ஏறாதீர்கள். அந்தச் செய்தி நீங்கள் ஊர் வந்து சேருவதற்கு முன்பே பேட்டைக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு எந்த நல்ல ஓனரும் சாவி கொடுக்க மாட்டார். லோடை இறக்கி, வண்டியைப் பேட்டையில் கொண்டுவந்து நிறுத்தி, டீசல் அளவையும் கிலோமீட்டரையும் போட்டோ எடுத்து, ஆர்.சி., பர்மிட் எல்லாம் சரிபார்த்து ஒப்படைத்து, கணக்கை எழுதி வாங்குங்கள். சாவியை மேசைமேல் வைக்காதீர்கள், ஓனர் கையில் கொடுங்கள்.

அந்தப் பழைய ஓனரிடமிருந்து பதினோரு மாதம் கழித்து என் லைசென்சை வாங்கியபோது, அதன் ஓரம் எலி கடித்திருந்தது. மறுநாளே ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி அதில் போட்டேன். அன்றிலிருந்து அது என் சட்டைப் பையைவிட்டு வெளியே போனதில்லை. உங்களுடையதும் போகவேண்டாம்.